சாவி ஆபீசில் இருக்கிறது

1

அறந்தாங்கியில் இருக்கும் என் தங்கை போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு நூலகத்துக்குள் சின்ன அறை. சுவரில் நீல வானமும் மேகமும் வரைந்திருக்கிறது. தரையில் மெத்தென்ற உருண்டை இருக்கைகள். வாசலில் சிவப்புப் பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மா, உள்ளே வாருங்கள் என்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே, 'சிறப்புப் பிள்ளைகளை அரவணைக்கும் மலாக்கா நூலகம். ஆசிரியை மனோன்மணியின் அயராத முயற்சி' என்று போட்டிருந்தது.

கூடவே தங்கையின் குரலும் வந்தது. "அக்கா, இது உங்க ஊரு லைப்ரரிதானே? எதுத்த வீட்டு செல்விகிட்ட காட்டினேன். அவ மகன் இன்னும் பேசாம இருக்கான்ல, பாத்துட்டு அழுதுட்டா. வெளிநாடுன்னா வெளிநாடுதான், லைப்ரரியிலகூட நம்ம பிள்ளைக்குன்னு ரூம் வச்சிருக்கான்னு சொல்றா. நீ குடுத்து வச்சவக்கா."

இதைக் கேட்டபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அது கையில் இருப்பது நல்லதில்லை என்று தோன்றியது.

செல்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். குரல் பதிவில் சொன்னால் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதுமே வந்ததில்லை. படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நூலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே ஒரு நல்லவர் வேலை செய்கிறார். டீச்சரின் பெயரைச் சொல்வேன். அவர் இதைப் படித்தால் எனக்கு வருத்தமில்லை. படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

2

எங்கள் வீடு டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் இருக்கிறது. வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பை இங்கே தாமான் என்பார்கள். கணவரின் அப்பா அம்மா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. வங்காளதேசத்துப் பையன்கள் குலை அறுக்கிறார்கள். தோட்டத்துத் தமிழர்கள் எல்லாம் எங்களைப்போல் தாமானுக்கு வந்துவிட்டார்கள். கணவர் சேகர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறேன்.

சுற்றிலும் தமிழர்கள்தான். ஆனால் இந்தியாவில் இருந்து வந்தவர்களுக்கு இங்கே 'ஊர்க்காரி' என்று ஒரு பெயர் உண்டு. பிரியமாகவும் சொல்வார்கள், வேறு மாதிரியும் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் ஊர்க்காரிதான். என்னுடைய மலாய், கேன்டீன் மலாய். காய்கறியும் விலையும் தடையில்லாமல் வரும். மனசில் இருப்பது வராது.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் லாவண்யா கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். வரும்போதெல்லாம் அவளுடைய தமிழ் கொஞ்சம் குறைந்திருக்கும். இளையவள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம். அவள் பேசமாட்டாள். ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருப்பாள். கோபத்தில் வருகிற சத்தம் வேறு, அது கீச்சென்று இருக்கும். இந்த முனகல் சந்தோஷத்தில் வருவது. சந்தோஷம் கூடக் கூடச் சத்தமும் கூடும். மாவு அரைக்கிற கிரைண்டர் பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஓர் அட்டை கொடுக்கிறது. அதை வாங்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி தர்ஷினியைப் பார்த்து, "உன் பெயர் என்ன?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். அவள் பெயரைச் சொல்கிற பிள்ளையாக இருந்தால் நான் ஏன் அங்கே வந்து வரிசையில் நிற்கிறேன்? நூலகத்தில் உறுப்பினராகப் போனபோதும் அப்படித்தான். என்னிடம் இருப்பது நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை. கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் அப்பாவை வரச் சொன்னார். அப்பா ஒருநாள் விடுப்பு எடுத்து வந்து கையெழுத்துப் போட்டார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கணவர் எங்களைக் காரில் கொண்டுபோய் நூலகத்தில் விட்டுவிட்டு, தெங்கேராவில் ஒரு நண்பரின் பட்டறைக்குப் போவார். மதியம் வந்து கூட்டிப்போவார். அந்த ஒரு காலைப்பொழுதுதான் தர்ஷினிக்குப் பள்ளியும் வீடும் தவிர்த்த உலகம்.

சிறுவர் பகுதியில் கம்பளம் விரித்திருக்கும். செருப்பை வெளியே விட வேண்டும். தர்ஷினி கீழ்த்தட்டில் இருக்கும் பெரிய புத்தகத்தை எடுப்பாள். அதில் பஸ், லோரி, கிரேன் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். எப்போதும் அதே புத்தகம்தான். கவுன்டரில் இருக்கும் ரொஹானி அக்கா, மலாய்க்காரர், வெள்ளிக்கிழமையே அந்தப் புத்தகத்தை எடுத்து மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுவார், வேறு யாரும் எடுத்துப் போகாமல் இருக்க. விதிப்படி அது தப்பாக இருக்கலாம். யாரும் அவரிடம் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நான் சொன்ன நல்லவர் இவர்தான்.

சிறுவர் பகுதியின் மூலையில்தான் தங்கை அனுப்பிய படத்தில் உள்ள அறை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். அதற்குப் பிறகு பூட்டியே கிடந்தது. கண்ணாடிக் கதவு வழியாக மேகங்கள் தெரியும். தர்ஷினி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் ரொஹானி அக்காவிடம் கேட்டேன்.

"சாவி ஆபீசில் இருக்கு, சரோ," என்றார் மலாயில், ரொம்பச் சங்கடத்தோடு. "ஆபீஸ் சனிக்கிழமை லீவு."

மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி. பிள்ளைகள் வரும் நாளில் சாவி வராது. சாவி வரும் நாளில் பிள்ளைகள் வர முடியாது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது.

3

ஊரிலும் நூலகம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று நான் ஒரு தடவை வாசல் வரை போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். நான் பாஸா ஃபெயிலா என்று பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன். பக்கத்துத் தெரு வாத்தியார் பார்த்துச் சொன்னார்.

என் சித்தப்பா மகள் ராணியும் தர்ஷினி மாதிரிதான். அப்போது அதற்குப் பெயர் தெரியாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ராணியைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவார்கள். யாரும் அவளை அடித்ததில்லை. நல்ல துண்டு மீனாகப் பார்த்து அவளுக்கும் தட்டில் வைத்துக் கொல்லைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். விருந்தாளி போனதும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஆகவே செல்வி, ஊர் நல்ல ஊர், இங்கே எல்லாம் மோசம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அங்கே அறையே இல்லை. இங்கே அறை இருக்கிறது, அதற்கு ஒரு பூட்டும் இருக்கிறது. இந்த வித்தியாசம் உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

4

மனோன்மணி டீச்சர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை காலையில் நூலகத்தில் தமிழ்க் கதைநேரம் நடத்துகிறார். வெளியே ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் 'எல்லாப் பிள்ளைகளும் வருக' என்று பெரிய எழுத்தில் இருக்கும். தமிழில் கதை சொல்ல ஆள் கிடைப்பது இங்கே அபூர்வம். நானும் சந்தோஷப்பட்டேன். தர்ஷினியை வட்டத்தின் ஓரத்தில் உட்கார வைத்தேன், புத்தகம் மடியில் இருந்தது.

டீச்சர் நன்றாகத்தான் கதை சொல்வார். சிங்கமும் கரடியும் குரல் மாறி மாறி வரும். தர்ஷினிக்கு அது பிடித்துவிட்டது. பிடித்ததால் முனகல் கூடியது. டீச்சர் கதையை நிறுத்தினார். கழுத்தில் மாட்டியிருந்த மைக்கிலேயே கேட்டார்.

"யார் பிள்ளை லா இது? அம்மா எங்க?"

நான் எழுந்து நின்றேன்.

"கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா. மத்த பிள்ளைங்க கத கேக்க வந்திருக்காங்க."

"சாரி டீச்சர்" என்றேன். பிறகு "மன்னிச்சுக்குங்க" என்றேன். பதற்றத்தில் "மாஆஃப்" என்று மலாயிலும் சொன்னேன். சில அம்மாக்கள் சிரித்தார்கள். தர்ஷினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதை முடிந்து டீச்சர் செருப்பு மாட்ட வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "ஒங்க பிள்ளைக்குன்னுதானே அந்த ரூம் கட்டியிருக்காங்க?"

"அது பூட்டியிருக்கு டீச்சர்."

"கேட்டு வாங்கணும்மா. நீங்க ஊர்லேருந்து வந்தவங்க, இங்க சிஸ்டம் ஒங்களுக்குப் புரியாது. இல்லாட்டி வீட்ல வெச்சிப் பாத்துக்குங்க. லைப்ரரி என்ன, டேகேரா?"

குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் ரொஹானி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதைநேரம் முடிந்த பிறகு வரச் சொல்லி மேலே இருந்து வாய்மொழி உத்தரவு என்றார். கதைநேரம் முடிந்த கொஞ்ச நேரத்தில் என் கணவர் கார் கொண்டுவந்துவிடுவார். அதாவது, வராதே என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது ரொஹானி அக்கா பஸ் புத்தகத்தை மேசைக்கு அடியில் இருந்து எடுத்துத் தர்ஷினியின் கையில் கொடுத்தார். "வீட்டுக்கு எடுத்துப் போ," என்றார். உறுப்பினர் அட்டை கேட்கவில்லை.

வீட்டில் புத்தகம் எடுபடவில்லை. சனிக்கிழமை காலை வந்தால் தர்ஷினி காருக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். மழை பெய்தாலும் நிற்பாள். உள்ளே கூட்டி வந்தால் அந்தக் கீச்சுச் சத்தம் வரும்.

5

"விடு லா," என்றார் கணவர். "வேற எடம் பாத்துக்கலாம். மஸ்ஜித் தானாவுலகூட ஒரு லைப்ரரி இருக்காம்."

"அங்க தமிழ்ல கத சொல்வாங்களா?"

அவர் காரைக் கழுவப் போய்விட்டார்.

லாவண்யா போனில் குதித்தாள். "அம்மா, நீங்க பெர்மிஷன் குடுங்க. நான் ஒரு வீடியோ போடுறேன். அந்த டீச்சர் ஃபினிஷ்."

"தங்கச்சி மூஞ்சியக் காட்டியா?"

"பிளர் பண்ணிடலாம்மா."

"வேணாம்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க? சாரி சாரின்னு சொல்லிட்டே இருங்க. டிப்பிக்கல்லா நீங்க."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கிறவள்தான், மன்னிக்கிறவள் இல்லை. கேன்டீனில் காய்ந்த மிளகாய் அரைக்கும்போது மனோன்மணி டீச்சரை நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் என் சம்பல் நன்றாக வந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பழி வாங்கும் எண்ணம் ஒரு மனுஷிக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்று யாரும் எழுதுவதில்லை. காலையில் எழுந்திருக்க அலாரம் தேவைப்படவில்லை.

6

அப்புறம் அந்தப் போன் வந்தது.

"வணக்கம் தர்ஷினி அம்மா. நான் மனோன்மணி டீச்சர் பேசுறேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க டீச்சர்."

"நல்லா இருக்கீங்களா? பாப்பா நல்லா இருக்கா? லைப்ரரியில பெரிய நிகழ்ச்சி ஒண்ணு. ஒய்.பி. வர்றாரு, ஹெட் ஆபீஸ்லேருந்து புவான் வர்றாங்க. நம்ம சிறப்புப் பிள்ளைங்களுக்கு ஹேம்பர் குடுக்குறோம். தர்ஷினி பேரக் குடுத்துட்டேன். நிகழ்ச்சி புக்லயும் அடிச்சாச்சு. நல்ல துணி போட்டுக் கூட்டிட்டு வாங்க, என்ன?"

சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்.பி. என்பார்கள், பெண் அதிகாரியைப் புவான் என்பார்கள். ஹேம்பர் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கூடையில் பால்மாவு, மைலோ பானத்தூள், பிஸ்கட், எண்ணெய், சேமியா எல்லாம் அடுக்கி, மேலே பளபளக்கும் தாளைச் சுற்றி, ரிப்பன் கட்டியிருப்பார்கள். இந்த நாட்டில் எந்த விழாவும் அது இல்லாமல் முடியாது. கொடுப்பவர் ஒரு கையால் பிடிப்பார், வாங்குபவர் இரண்டு கையாலும் பிடிப்பார், இரண்டு பேரும் கேமராவைப் பார்ப்பார்கள். எடுத்து முடியும்வரை கூடை யாருடையதும் இல்லை. ஏழைகள், முதியவர்கள், நம் பிள்ளைகள் என்றால் மேடையில் வரிசையாக நிற்க வைப்பார்கள். வருவீர்களா என்று கேட்க மாட்டார்கள். பேரைக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்வார்கள். ஹேம்பர் என்றால் வராமல் இருப்பவர்கள் கிடையாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். டீச்சரும் அதை நம்பித்தான் பிள்ளைகளின் பெயரை அச்சடித்தார்.

"சரிங்க டீச்சர்," என்றேன். "கண்டிப்பா வர்றோம்."

போனை வைத்ததும் கிறிஸ்டினா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தெங்கேராவில் இருக்கிறார், மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். பிள்ளைகளின் பயிற்சி மையத்தில் பழக்கம். அவர் மகன் ஜோசப் சக்கர நாற்காலியில் இருக்கிறான். நூலகத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை இருக்கிறது. அதன் உச்சியில் அழகுக்காகப் பூச்சட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா சட்டிகளை நகர்த்திவிட்டுத்தான் மகனைத் தள்ளிக்கொண்டு போவார்.

"எனக்கும் போன் வந்திச்சுடி," என்றார் அக்கா. "ஜோசப் பேரும் புக்ல இருக்காம். போகாம இருந்துடலாம். நாறட்டும்."

"போகணும்க்கா."

"எதுக்கு?"

"போயி முன்வரிசையில உக்காரணும். பேரு கூப்பிடுவாங்கள்ல, அப்ப எந்திரிக்கக் கூடாது. யாருமே."



"அடிப்பாவி," என்றார். "வாயத் தொறக்கவே காசு கேப்ப. உள்ளுக்குள்ள இம்புட்டு வெச்சிருக்கியா?"

மற்ற அம்மாக்களிடம் நானே பேசினேன். ஒவ்வொரு எண்ணையும் அழுத்துவதற்கு முன் தண்ணீர் குடித்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருவரின் மகனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை. ஒருவரின் மகள் உதட்டில் எச்சில் வடிந்ததால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குத் தங்கச்சி வயதில் இருந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"அதுல பெரிய மைலோ டின் இருக்குமே அக்கா," என்றாள்.

கிறிஸ்டினா அக்கா பிறகு அவளைக் கூப்பிட்டு, "மைலோ நான் வாங்கித் தரேன், நீ பேசாம உக்காருடி" என்று சொன்னாராம்.

7

அன்று தர்ஷினிக்கு மஞ்சள் பாவாடை சட்டை போட்டேன். டீச்சர் சிவப்புப் பட்டில் வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாம்மா கண்ணு" என்று தர்ஷினியின் கன்னத்தைத் தொட வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூச்சட்டிகள் அன்று ஓரமாக இருந்தன. முன்வரிசை நாற்காலிகளில் எங்கள் பிள்ளைகளின் பெயரை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த நூலகத்தில் அவர்களுக்கென்று இடம் போட்டு அதுவரை யாரும் உட்கார வைத்ததில்லை.

வரவேற்புரை, நடனம், உரை, இன்னொரு உரை. பிறகு அறிவிப்பாளர், "செல்வி தர்ஷினி சேகர்" என்றார்.

ஒய்.பி. மேடையில் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் சரசரவென்றது. எனக்கு ஒரு பயம் இருந்தது, அது வந்தேவிட்டது. தர்ஷினிக்கு அந்தத் தாள் சத்தம் உயிர். அவள் உடம்பு நாற்காலியில் இருந்து எழும்பியது. நான் பையில் தயாராக வைத்திருந்த மிட்டாய்த் தாள்களை அவள் கையில் திணித்தேன். அவள் உட்கார்ந்து அவற்றைக் கசக்கத் தொடங்கினாள்.

"செல்வி தர்ஷினி சேகர்," என்றார் அறிவிப்பாளர் மறுபடியும். டீச்சர் ஓரத்தில் இருந்து எனக்குக் கையாட்டினார். நான் அவரைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன். என் வாழ்க்கை முழுவதும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன், வெட்கத்தால். அன்றைக்குத்தான் அது எனக்கு வேலைக்கு ஆனது.

"செல்வன் ஜோசப்." யாரும் அசையவில்லை. இன்னொரு பெயர். இன்னொரு பெயர். மைலோத் தங்கச்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் எழவில்லை. ஒய்.பி.யின் கையில் கூடை கனத்தது தெரிந்தது. கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். டீச்சரின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டால் இப்போதும் பசி எடுக்கிறது.

ஒய்.பி. பழக்கப்பட்டவர். சிரித்துக்கொண்டே கூடையோடு கீழே இறங்கி எங்களிடம் வந்தார்.

"என்னம்மா, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கிறிஸ்டினா அக்கா எழுந்தார்.

"உடம்பெல்லாம் நல்லா இருக்குங்க ஒய்.பி. எங்களுக்கு ஹேம்பர் வேணாம். பிள்ளைங்களுக்குன்னு ஒரு ரூம் தொறந்தீங்களே, அதுக்குள்ள அவங்க இன்னும் போனதில்ல. அதத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நேரமாச்சு," என்றார் டீச்சர் மைக்கில்.

"தொறந்து காட்டினா என்ன, ஒரு நிமிஷம்தானே?" என்றார் ஒய்.பி.

சனிக்கிழமைதான், ஆனால் பெரியவர்கள் வந்திருந்ததால் அன்று ஆபீஸ் திறந்திருந்தது. ரொஹானி அக்கா சாவி எடுக்கப் போனார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. மேகம் வரைந்த சுவர் தெரியாத அளவுக்கு உள்ளே சாமான்கள். பழைய பேனர்கள், ஓர் ஏணி, மடக்கு நாற்காலிகள். அந்த மெத்தை இருக்கைகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளபளக்கும் ஹேம்பர் கூடைகள்.

தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த புவான் உள்ளே எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் யாருடையது?" என்று மலாயில் கேட்டார்.

ரொஹானி அக்கா கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சிறப்புப் பிள்ளைகளுக்கானது, புவான்."

கிறிஸ்டினா அக்கா இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

சாமான்களை வெளியே எடுத்தார்கள். ஒய்.பி.யே ஏணியைப் பிடித்தார், கேமரா மறுபடியும் மேலே போனது. அறை காலியானதும் பிள்ளைகள் உள்ளே போவதற்கு முன் டீச்சர் போய் வாசலில் நின்று கையை நீட்டினார். தங்கை அனுப்பிய படம் அப்போது எடுத்ததுதான். அயராத முயற்சி.

புவான் இரண்டு உத்தரவு போட்டார். சாவி இனிமேல் ரொஹானி அக்காவின் கவுன்டரில் இருக்க வேண்டும். கதைநேரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் வரலாம், வரும் சனிக்கிழமை தானே வந்து பார்ப்பார்.

8

அந்தச் சனிக்கிழமை புவான் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தர்ஷினியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். கரடி பேசும்போதெல்லாம் அவள் தலையைத் தடவினார். புவான் திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

"மன்னிச்சிட்டியாடி?" என்று கேட்டார் கிறிஸ்டினா அக்கா.

"இல்லக்கா."

"நல்லது. அடுத்த வாரம் புவான் வர மாட்டாங்க. பாப்போம்."

அடுத்த வாரம் புவான் வரவில்லை. நாங்கள் வந்தோம். தர்ஷினி வட்டத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் கதையை ஆரம்பித்தார், முனகல் ஆரம்பித்தது. சிங்கம் வந்ததும் சத்தம் கூடியது. டீச்சர் நிறுத்தினார். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கோயிலில், கிளினிக்கில், கல்யாண மண்டபத்தில் எல்லாம் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவுடன் என் கை தானாகப் போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தும்.

"தர்ஷினி அம்மா," என்றார் டீச்சர் தேன் குரலில். "ரூம்தான் இப்ப தொறந்திருக்கே. நல்ல மெத்தையெல்லாம் இருக்கு. பாப்பாவ அங்க கூட்டிட்டுப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, ஜாலியா இருங்களேன். அதுக்குத்தானே கேட்டீங்க?"

சுற்றியிருந்த அம்மாக்கள் எல்லாரும் திரும்பினார்கள். கிறிஸ்டினா அக்கா அன்று வரவில்லை, ஜோசப்புக்குக் காய்ச்சல். எனக்காகப் பேச யாரும் இல்லை.  கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன், ஒன்றை இன்னொன்றால் பிடித்துக்கொண்டேன்.

"ரூமுக்கு அப்புறமா போறோம் டீச்சர்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இப்ப அவ கத கேக்க வந்திருக்கா. சந்தோஷமா இருந்தா அவளுக்கு இப்படித்தான் சத்தம் வரும். நீங்க சொல்லுங்க."

டீச்சர் கவுன்டர் பக்கம் பார்த்தார். ரொஹானி அக்கா எங்களைப் பார்க்காமல் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தினார். ஒரு சின்னப் பெண், "டீச்சர், சிங்கம் என்னா ஆச்சு?" என்று கேட்டது.

டீச்சர் புத்தகத்தை நிமிர்த்தினார். சிங்கம் கர்ஜித்தது. தர்ஷினி இன்னும் சத்தமாக முனகினாள். டீச்சர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். கதை இப்படியே குகையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கடைசிப் பக்கம் வரைக்கும் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தர்ஷினியும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருமிக்கொண்டே யாரிடமாவது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

என் பையில் நிறையத் தண்ணீரோடு ஒரு போத்தல் இருந்தது. நான் எடுக்கவில்லை.